கோதாவுக்கு வெளியே விழும் குத்து

(கெடா, சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் தோட்டக் குடும்பங்களும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களும் கூடிய ஒரு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் பீடோங் சந்தையில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார். "அண்ணே, என் பையன் குத்துச்சண்டை கத்துக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். சந்தைக் கடையில் நின்று கொண்டு சொல்லக் கூடிய பதிலா அது? "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று வந்து விட்டேன். அந்தத் தாயார் இன்று இங்கே வந்திருக்கிறார். என்னுடைய பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான். ஆனால் நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டிய பதில்.

உங்கள் பிள்ளைகள் 'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்திருப்பார்கள். 2021இல் பா. ரஞ்சித் எடுத்த படம். வட சென்னையில் துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் வளர்த்த குத்துச்சண்டை அது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அங்கே உண்மையிலேயே இருந்தன. படத்தில் அந்தக் கபிலன் எதிராளியின் குத்தில் கெட்டுப் போகவில்லை. எப்போது கெட்டான்? கோதாவை விட்டு வெளியே வந்த பிறகு! சாராயத்திலும் கெட்ட சகவாசத்திலும் கெட்டான். படம் கற்பனைதான். ஆனால் அந்த ஒரு விஷயம் கற்பனை இல்லை. குத்துச்சண்டை வீரனை வீழ்த்துவது பெரும்பாலும் கயிற்றுக்கு உள்ளே இருப்பவன் அல்ல. கயிற்றுக்கு வெளியே இருந்து வருகிற குத்துதான்.

இதற்கு உலகமே அறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். முகமது அலி.

1975 ஜூலை 1. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு அலியும் இங்கிலாந்தின் ஜோ பக்னரும் மோதினார்கள். கடும் வெயிலில் 15 சுற்றுகள். புள்ளிகளில் அலி வென்றார். நான் அப்போது சிறுவன். என் அப்பா பால்மரம் வெட்டுகிறவர். விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், மத்தியானம் பால் வாளியோடு திரும்புகிறவர். பேப்பரில் வந்த அலியின் படத்தை வெட்டி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து எங்கள் லயத்துச் சுவரில் ஒட்டினார். ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் எம்.ஜி.ஆர்., நடுவில் அலி! 1980 தொடக்கத்தில் அதே அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அந்தச் செய்தி தெரிந்ததும் என் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் சுவரில் ஒட்டிய இருவரும் ஒரே ஊரில்!

ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது வெற்றி பெற்ற அலி. அதற்கு முந்தின கதையை நான் பிறகுதான் படித்தேன்.

அலி 1942இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். கறுப்பினத் தொழிலாளர் குடும்பம். 12 வயதில் சைக்கிள் திருடு போனது. புகார் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தவர் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். அவர்தான் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக் தங்கம். 1964இல் சானி லிஸ்டனை வீழ்த்தி உலகப் பட்டம். 1967 மார்ச் வரை 29 போட்டிகள், 29 வெற்றிகள். வயது 25. ஒரு வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கிற வயது.

அப்போது விழுந்தது குத்து. யார் குத்தியது? எந்த வீரனும் இல்லை. ஒரு காகிதம்!

வியட்நாம் போருக்கு ராணுவத்தில் சேரச் சொல்லி வந்த உத்தரவு அது. 1967 ஏப்ரல் 28, ஹியூஸ்டன் நகரம். பெயரைக் கூப்பிட்டார்கள். அலி முன்னே அடி வைக்கவில்லை. என் மதமும் மனசாட்சியும் இடம் கொடுக்காது என்றார். அன்றைக்கே நியூயார்க்கில் உரிமத்தை நிறுத்தினார்கள். பட்டத்தைப் பறித்தார்கள். ஜூன் 20ஆம் தேதி நீதிமன்றம் 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்றது. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பாஸ்போர்ட் போனது. உள்நாட்டில் உரிமம் இல்லை, வெளிநாட்டுக்குப் போக வழியில்லை. மூன்றரை ஆண்டு ஒரு போட்டியும் இல்லை!

நினைத்துப் பாருங்கள். கை நன்றாக இருக்கிறது. கால் நன்றாக இருக்கிறது. தோற்கவும் இல்லை. ஆனால் பிழைப்பு போய் விட்டது. தோட்டத்தை விற்று விட்டோம், காலி செய்யுங்கள் என்று ஒரு நாள் கடிதம் வாங்கிய உங்களுக்கு இது புரியாதா? உங்கள் வெட்டும் கத்தியில் என்ன குறை இருந்தது? ஒன்றுமில்லை. காகிதம் வேறு இடத்தில் எழுதப்பட்டது.

அலி என்ன செய்தார்? மூலையில் உட்கார்ந்து குடிக்கவில்லை. பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போய் மாணவர்களிடம் பேசினார். அதில் வந்த பணத்தில் குடும்பம் நடத்தினார். வழக்கை விடாமல் நடத்தினார். 1970 அக்டோபர் 26ஆம் தேதி அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியோடு மறுபடி கோதாவில் இறங்கினார். 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் தோல்வி. காணாமல் போன அந்த ஆண்டுகள் அவர் காலில் தெரிந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூன் 28ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று தண்டனையை ரத்து செய்தது. 1974 அக்டோபர் 30ஆம் தேதி ஜைர் நாட்டின் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான் நம் மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தார்.

நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. 25 வயதிலிருந்து 28 வயது வரை போன காலத்தை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்? நியாயம் கிடைப்பது ஒன்று, நேரத்தில் கிடைப்பது வேறொன்று.

இன்னொருவர் ஜோ லூயிஸ். அலிக்கு முந்தின தலைமுறை. 1937 முதல் 1949 வரை உலகப் பட்டம் அவரிடம். 1942இல் இரண்டு போட்டிகளின் பணத்தைக் கடற்படை, ராணுவ நல நிதிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் கடைசியில் வருமான வரிக் கடனில் மூழ்கினார். கணக்கு வழக்கைப் பிறர் கையில் விட்டதன் பலன். ஓய்வு பெற்ற பிறகும் கடனுக்காக மறுபடி சண்டைக்கு இறங்கினார். பிற்காலத்தில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதியில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை செய்தார். அவரை வீழ்த்தியது ஒப்பந்தமும் கணக்கும்.

சரி, இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். இன்று குடும்பஸ்தன். 2000ஆம் ஆண்டில் அவனுக்கு 16 வயது. பழைய லாரி டயரை மரத்தில் கட்டிக் குத்துவான். கைக்குத் துணி சுற்றக் கூட யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு டவுனில் ஒரு கடை மாடியில் பயிற்சி கொடுத்த ஒரு சீனப் பெரியவர் அவனைக் காசில்லாமல் சேர்த்துக் கொண்டார். தினமும் சைக்கிளில் போய் வருவான். ஒன்றரை வருடத்தில் அவனோடு பயிற்சிக்கு நிற்கவே மற்ற பையன்கள் தயங்கினார்கள். ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தது. பாரம் நிரப்பினார்கள். அடையாள அட்டை நகல் கேட்டார்கள்.

அட்டை இல்லை!

ஏன் இல்லை? அப்பாவிடம் நீல அட்டை இருந்தது. அம்மாவிடம் எதுவும் இல்லை. அந்த அம்மா லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. கல்யாணம் 1983இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஊரே சாப்பிட்டது. மேளம் வாசித்தது. ஆனால் பதிவு செய்யவில்லை. அம்மன் சாட்சி இருக்கும்போது சர்க்கார் சாட்சி எதற்கு என்று நினைத்தார்கள். 12 வயதில் அட்டை கேட்டுப் போனபோது தாயின் ஆவணம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. இரண்டாவது முறை போனார், இன்னொரு நாள் கூலி போனது. மூன்றாவது முறை போகவில்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றாடம் காய்ச்சிக்கு ஒரு நாள் கூலி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

பையன் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. பயிற்சியை விட்டான். லாரி கெலிண்டானாக ஓடினான். அட்டை கைக்கு வந்தபோது அவனுக்கு 26 வயது. கோதாவில் அவனை ஒருவரும் வீழ்த்தவில்லை. அவன் கோதாவுக்குள் போகவே இல்லை. அலிக்கு மூன்றரை ஆண்டு போனது. எங்கள் பையனுக்கு முழுதும் போனது. அலியின் பெயர் உலகத்துக்கே தெரிந்ததால் உலகம் கேட்டது. இவனுக்காக யார் கேட்டார்கள்? நானும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெளிவாகத் தெரிந்து கொள்ளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்கள் செல்லும். அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் இல்லை. திருமணம் இல்லையென்றால் பிள்ளையின் குடியுரிமைக்குத் தகப்பனைப் பார்க்க மாட்டார்கள், தாயைத்தான் பார்ப்பார்கள். தாயிடம் ஆவணம் இல்லையென்றால் தகப்பனின் நீல அட்டை பிள்ளைக்கு உதவாது. மலேசிய மண்ணில் பிறந்த பிள்ளை, மலேசியத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை, நாடில்லாத பிள்ளை ஆகி விடுகிறது! எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனால் இந்த அநியாயத்தின் கதவை நாமே திறந்து வைக்க வேண்டியதில்லை, அல்லவா?

பிறப்பை 60 நாளுக்குள் பதியுங்கள். 12 வயதானதும் அட்டைக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வழி உண்டு. 21 வயது வரை என்று இருந்த அந்த வரம்பை 18ஆகக் குறைக்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே பெரியவனாகட்டும், பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். பிள்ளை ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே காகிதத்தைக் கையில் எடுங்கள்.

அடுத்த குத்து, மது. இதைப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நம் கெடா மண்ணுக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது. 1946, 47இல் இதே பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் வரிசையில் நின்று அணிவகுப்புப் பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். தொழிலாளியின் கூலி தொழிலாளியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். 1947இல் போலீஸ் அடக்குமுறையில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். நம் தாத்தாக்கள் கையுறை போடவில்லை. ஆனால் எதிரி எங்கே நிற்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு முன்னால் சம்சு பாட்டிலும் குண்டர் கும்பலும் நிற்கின்றன. பயிற்சிக்குப் போகிற பையனின் கை பலத்தை முதலில் மோப்பம் பிடிக்கிறவன் பயிற்சியாளர் இல்லை, கும்பல்காரன்! இதை மறக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எழுந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். வெகு தூரம் போக வேண்டாம். இதே சுங்கைப்பட்டாணியில் 1999இல் பிறந்த பிள்ளை, சிவசங்கரி சுப்பிரமணியம். குத்துச்சண்டை இல்லை, ஸ்குவாஷ். ஆனால் அதுவும் நான்கு சுவருக்குள் இருவர் மோதுகிற விளையாட்டு. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் நம் பினாங்கு நிக்கோல் டேவிட்டோடு மோதி வெள்ளி வென்றார். நிக்கோல் 8 முறை உலக வெற்றியாளர். சிவசங்கரிக்கு அப்போது வயது 19. பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். விளையாட்டும் விடவில்லை, படிப்பும் விடவில்லை.

2022 ஜூன் மாதக் கடைசியில் கார் விபத்து. கழுத்திலும் முகத்திலும் கடுமையான காயம். கழுத்து எலும்பில் முறிவு. பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போக முடியவில்லை. கழுத்தில் அடிபட்டவர் பழையபடி விளையாடுவார் என்று யார் நம்பினார்கள்? ஆனால் அடுத்த ஆண்டு, 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கம்! 2024 ஏப்ரலில் லண்டன் கிளாசிக் போட்டியின் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து ஆட்டம் வரை போராடி வீழ்த்திப் பட்டம்! 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அவர் எப்படி எழுந்தார்? மன உறுதி, சந்தேகமே இல்லை. ஆனால் மன உறுதி மட்டும் என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக் கொள்ள வேண்டாம். தேசிய வீராங்கனைக்கு மருத்துவரும் பயிற்சியாளரும் சங்கமும் பக்கத்தில் இருந்தார்கள். படிப்பு இருந்தது. கையில் பாஸ்போர்ட் இருந்தது. எங்கள் லயத்துப் பையனுக்கும் மன உறுதி இருந்தது. டயரைக் குத்திக் குத்தி விரல் மூட்டு வீங்கியும் மறுநாள் குத்தியவன் அவன். அவனுக்குப் பக்கத்தில்தான் யாரும் இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

அம்மா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையனை அனுப்பலாமா?

குத்துச்சண்டை ஆபத்தான விளையாட்டு. மறைக்க மாட்டேன். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையோடு ஏற்றினார். 2016 ஜூன் 3ஆம் தேதி மறைந்தார். தலையில் விழுகிற அடியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆகவே தலைக்கவசம், பல்கவசம் இல்லாமல் மோத விடுகிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தலைவலி என்றால் உடனே மருத்துவமனை. மருத்துவர் சரி என்று சொல்லும் வரை பயிற்சி இல்லை. "ஆம்பளப் பிள்ளை, தாங்குவான்" என்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், அனுப்புங்கள் அம்மா. ஆனால் அனுப்புகிற அன்றைக்கே நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, இன்றிரவே பெட்டியைத் திறந்து பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் அட்டை, திருமணப் பதிவு மூன்றையும் எடுத்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள்.

இரண்டு, பள்ளிக்கூடத்தை விட விடாதீர்கள். கை ஓய்ந்த பிறகு சோறு போடுவது அதுதான்.

மூன்று, யார் எந்தத் தாளை நீட்டினாலும், புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்து வந்து, தெரிந்தவரிடம் படித்துக் காட்டி, பிறகு போடுங்கள்.

நான்கு, தனியாக அலையாதீர்கள். பதிவிலாகாவுக்கு ஒருவர் போனால் ஒரு நாள் கூலி நஷ்டம், திருப்பி அனுப்பினால் மனமும் உடைந்து விடும். பத்துக் குடும்பம் சேர்ந்து போனால், விவரம் தெரிந்த ஒருவர் கூட வந்தால், திருப்பி அனுப்புகிறவரும் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டி வரும். எழுதிக் கொடுத்த காரணத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். வாய் வார்த்தைக்குச் செய்ய முடியாது.

கோதாவில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வீரன் தன் மூலைக்கு வருகிறான். ஸ்டூல் போடுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், காயத்தைத் துடைக்கிறார்கள், எதிராளி எங்கே அடிக்கிறான் என்று காதில் சொல்கிறார்கள். ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால் எந்த வீரனும் அடுத்த சுற்றுக்கு எழ முடியாது. கோதாவுக்கு வெளியே நம் பிள்ளைகளுக்கு அந்த மூலை யார்? நாம்தான்.

எங்கள் தோட்டத்துப் பையனின் மகளுக்கு இப்போது 12 வயது. போன ஆண்டுக் கடைசியில் அவளை அட்டைக்கு அழைத்துப் போனான். எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரிசையாக அடுக்கி எடுத்துப் போனானாம். ஒரே நாளில் வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணே, கிடைச்சிருச்சு" என்றான்.

அந்த ஒரு வார்த்தை உங்கள் வீட்டிலும் கேட்க வேண்டும். இன்றிரவு பெட்டியைத் திறங்கள்.